அட்டையை எறிந்தவள் யார்?

அமெரிக்காவில் பேஸ்பால் அட்டை சேகரிக்கும் ஆண்கள் நாலைந்து பேர் கூடிய இடத்தில் ஒரு பழங்கதை எழாமற் போவதில்லை. ‘சிறுவயதில் ஒரு செருப்புப் பெட்டி நிறைய அட்டை வைத்திருந்தேன், படிக்க வெளியூர் போய்த் திரும்பி வந்து பார்த்தால் அம்மா அதைக் குப்பையில் போட்டுவிட்டாள், அது மட்டும் இருந்திருந்தால் இன்றைக்கு நான் பெரும் பணக்காரன்’ என்பது அந்தக் கதை. சொல்கிறவர் பெருமூச்சு விடுவார், கேட்கிறவர்கள் தலையசைப்பார்கள், ஏனென்றால் அவரவர் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது, அப்படி ஓர் அம்மாவும் இருந்தாள். இதை வேடிக்கைப் பேச்சென்று தள்ளிவிடலாம். ஆனால் ஒரு கூட்டம் தன்னைப் பற்றித் தானே அலுக்காமல் சொல்லிக்கொள்ளும் வேடிக்கைக் கதையில்தான் அதன் சித்தாந்தம் குடியிருக்கிறது. சேர்ப்பவன் ஆண், கழிப்பவள் பெண்; அருமை அறிந்தவன் அவன், வீட்டைக் கூட்டிப் பெருக்குவதொன்றே அறிந்தவள் இவள். விளையாட்டு அட்டை சேகரிப்பில் பெண்களுக்கு இடமில்லாமற் போனது யாருடைய குற்றமுமன்று, இயற்கையின் ஏற்பாடு என்று பரவலாக நிலவும் அபிப்பிராயம் முழுவதும் இந்தச் செருப்புப் பெட்டிக்குள் அடக்கம். அந்த அபிப்பிராயம் தவறானது.

மறுக்க முற்படுமுன் எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் பூரண பலத்தோடு எடுத்துரைப்பது நியாயம். வீரர்களின் படம் அச்சிட்ட சிற்றட்டைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட் பெட்டிகளில் பிறந்தன; இருபதாம் நூற்றாண்டில் பபிள்கம் பொட்டலங்களில் வளர்ந்தன; புகைத்தவர்கள் ஆண்கள், பபிள்கம் மென்றுகொண்டே தெருவில் பேஸ்பால் ஆடியவர்கள் ஆண்பிள்ளைகள்; ஆகவே பிறப்பாலும் வளர்ப்பாலும் இது ஆண்களின் உடைமை என்பது அவர்களுடைய முதற் கூற்று. எண்களை மனனம் செய்வது, இனம் பிரித்து அடுக்குவது, விட்டுப்போன ஒன்றுக்காக ஊரெல்லாம் அலைவது ஆகியவை ஆணின் ஸ்வபாவத்தைச் சேர்ந்த குணங்கள் என்பது இரண்டாவது. யாரும் யாரையும் தடுக்கவில்லை, கடைக்கதவு திறந்தே இருக்கிறது, டாலருக்கு ஆண் பெண் என்ற பேதம் கிடையாது என்பது மூன்றாவது. வீராங்கனைகளின் அட்டைகளை வாங்குவாரில்லை, அச்சிடுகிறவன் வியாபாரியே அன்றித் தர்மகர்த்தா அல்லன் என்பது நான்காவது. இவ்வளவும் பிழையென்றே வைத்துக்கொண்டாலும், ஒரு பொழுதுபோக்கில் பெண்கள் குறைந்திருப்பதால் யார் குடி முழுகிப் போயிற்று என்பது ஐந்தாவது. இவற்றுக்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல் ஒரு பிரத்தியட்சப் பிரமாணமும் காட்டுகிறார்கள்: 1980-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய தேசிய சேகரிப்பாளர் மாநாட்டுக்குப் போய் மேஜை மேஜையாகச் சுற்றி வாருங்கள், நாங்கள் சொல்வது விளங்கும் என்கிறார்கள்.

அந்தக் காட்சியை நான் மறுக்கவில்லை. பெண்கள் அங்கே குறைவுதான். ஆனால் கிணற்றில் நீர் குறைந்திருக்கிறது என்பது வேறு, இந்த மண்ணில் ஊற்றே கிடையாது என்பது வேறு; முன்னதைக் கண்ணாற் கண்டுவிட்டுப் பின்னதைச் சாதிப்பது தர்க்கமாகாது. என் ஆக்ஷேபங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. சிகரெட் பெட்டியில் பிறந்தது என்கிறார்களே, அந்தச் சிகரெட்டைச் சுருட்டியது யார்? வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரிலிருந்த ஆலன் அண்டு கின்டர் என்ற புகையிலைக் கம்பெனி இந்த அட்டைகளை அமெரிக்காவில் பிரபலமாக்கியவற்றுள் முதன்மையானது. அதன் தொழிற்சாலையில் வரிசை வரிசையாக உட்கார்ந்து கையாலேயே சிகரெட் சுருட்டியவர்கள் இளம்பெண்கள். கைவேகம் வியாபாரத்துக்குப் போதவில்லை என்றுதான், சுருட்டும் யந்திரம் ஒன்று செய்து தருபவருக்கு 75,000 டாலர் பரிசென்று கம்பெனி அறிவித்தது. 1881-இல் போன்சாக் என்ற இளைஞர் அப்படியொரு யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய காகிதப் பொட்டலம் நசுங்காமல் இருப்பதற்காகச் செருகிய தடித்த அட்டையே பின்னர் படம் தாங்கும் அட்டையாயிற்று. 1887-இல் அக்கம்பெனி ‘உலக சாம்பியன்கள்’ என்று ஐம்பது அட்டைகள் கொண்ட வரிசை ஒன்றை வெளியிட்டது. ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல அகலம், இரண்டேமுக்கால் அங்குல உயரம். உள்ளங்கையில் வைத்து மூடினால் மறைந்துவிடும். பேஸ்பால் ஆட்டக்காரர், குத்துச்சண்டைக்காரர், மல்லர், படகோட்டி, பில்லியர்ட்ஸ் நிபுணர் என்று நீளும் அந்த வரிசையில், குறி தவறாமல் துப்பாக்கி சுடுவதில் கீர்த்தி பெற்ற ஆனி ஓக்லி என்ற பெண்மணியும் மற்றவர்களுக்குச் சமதையாக நிற்கிறார். ஆக, பெட்டிக்குள் போன சரக்கைச் செய்தவள் பெண். அட்டையில் நின்றவர்களில் ஒருத்தி பெண். ‘பிறப்பிலேயே ஆண்களுடையது’ என்ற கூற்றுக்கு ஜாதகமே விரோதமாயிருக்கிறது.

சேகரித்தவர்கள் யார் என்ற கேள்வி இதைவிட முக்கியமானது. வண்ணக் கல்லச்சு மலிந்த 1870-களிலும் 1880-களிலும் சோப்பு, நூல், தையல் யந்திரம், மருந்து முதலியவற்றின் விளம்பரமாகக் கடைக்காரர்கள் படஅட்டைகளை இலவசமாக வழங்கினார்கள். அவற்றைக் கொண்டுவந்து, பூவோடு பூவையும் குழந்தையோடு குழந்தையையும் சேர்த்து, பக்கம் பக்கமாகக் கோந்து தடவி ஒட்டித் தொகுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுமிகளும்தாம். எல்லன் க்ரூபர் கார்வி என்ற ஆய்வாளர் 1996-இல் வெளியிட்ட தம் நூலில் அந்த ஆல்பங்களை ஆராய்ந்திருக்கிறார். கடையில் கிடைக்கும் அட்டையை வீட்டுக்குக் கொணர்ந்து, இனம் பிரித்து, வரிசை கண்டு, பாதுகாத்து, தோழியோடு மாற்றிக்கொள்ளும் பழக்கம், பேஸ்பால் அட்டையைப் பையன்கள் கையில் எடுப்பதற்கு முன்பே அமெரிக்க வீடுகளின் கூடத்தில் வேரூன்றிவிட்டது.

பின்னர் வந்தார் சிரக்யூஸ் நகரத்து ஜெஃபர்சன் பர்டிக். அட்டை சேகரிப்பின் பிதாமகர் என்று இவரைக் கொண்டாடுகிறார்கள், அது தகும். 1939-இல் முதன்முதலாக ஒரு பட்டியல் நூல் வெளியிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு ஓர் எழுத்து, இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு ஓர் எழுத்து, பபிள்கம் அட்டைக்கு வேறோர் எழுத்து என்று வகுத்து, இன்றளவும் எல்லாரும் வழங்கும் குறியீட்டு முறையை ஏற்படுத்தியவர் அவர். மூட்டுவாதம் விரல்களை முடக்கிக்கொண்டிருக்க, நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்துக்குத் தாம் அளித்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப் பொருள்களை ஆல்பம் ஆல்பமாக ஒட்டும் பணியில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து, அதை முடித்த சில வாரங்களில், 1963-இல் காலமானார். வணங்கத்தக்க உழைப்பு. ஆனால் அவர் செய்தது என்ன? தேர்ந்தார், பிரித்தார், ஒட்டினார். அரைநூற்றாண்டுக்கு முன் அந்தப் பெண்கள் செய்ததும் அதுவே. ஆண் ஒட்டினால் சாஸ்திரம், பெண் ஒட்டினால் வேளைபோக்கு என்று பெயரிட்டுவிட்டு, பிறகு ‘சரித்திரத்தில் பெண்களைக் காணோமே’ என்று தேடுவது என்ன நேர்மை?

2. அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள், அட்லாண்டிக் சமுத்திரத்தையும் சாட்சிக்கு அழைக்கட்டும். 1952-இல் டாப்ஸ் கம்பெனி 407 அட்டைகள் கொண்ட பேஸ்பால் வரிசையை வெளியிட்டது. அதன் கடைசிப் பகுதியாகிய 311 முதல் 407 வரையிலான அட்டைகள், ஆட்டக்காலம் முடியும் தறுவாயில் கடைக்கு வந்தமையால், விலைபோகாமல் கிடங்கில் தேங்கின. அந்த வரிசையை வடிவமைத்த சை பெர்கர் அவற்றைப் பொருட்காட்சிகளில் காசுக்கு ஒன்றாகவும், பின்னர் காசுக்குப் பத்தாகவும் தள்ளிவிடப் பார்த்தும் கொள்வாரில்லை. 1960-இல் அவற்றைப் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றி, நடுக்கடலில் கொட்டிவிட்டு வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியின் முதல் அட்டை, 311-ஆம் எண்ணுள்ளது, மிக்கி மான்டிலுடையது. அதன் பிரதி ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. எந்தத் தாயும் தன் ஆயுளில் எறிந்திருக்க முடியாத அளவு அட்டையை ஒரே நாளில் எறிந்தவர் ஓர் ஆண். அதுவும் அந்த அட்டைகளைச் செய்தவரே. அவரை யாரும் ஏசவில்லை. மாறாக அது இந்தச் சேகரிப்பு உலகின் ரஸமான புராணமாகிவிட்டது. அவர் கொட்டினால் புராணம், அம்மா கொட்டினால் பாதகம்!

பையன்கள்தாம் என்ன காப்பாற்றினார்கள்? துணி உலர்த்தும் கிளிப்பால் அட்டையைச் சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் செருகி, மோட்டார் வண்டிபோல் படபடவென்று சத்தம் எழுப்பி, மூலைகள் நைந்து கிழியும்வரை ஓட்டினார்கள். சுவரை நோக்கி விசிறிப் பந்தயம் கட்டினார்கள். பிடிக்காத அணியின் ஆட்டக்காரனுக்கு மீசை வரைந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது பழங்காகிதம் சேர்க்கும் இயக்கத்துக்குக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். இவ்வளவையும் கடந்து செருப்புப் பெட்டியில் எஞ்சியதை, மகன் வீட்டைவிட்டுப் போய் எத்தனையோ ஆண்டுகள் கழிந்தபின், இனி வேண்டியிராது என்று நம்மூரில் போகிக்குக் கழிப்பதுபோல் ஒருத்தி கழித்தாள் என்றால், அந்த ஆண்டுகளத்தனையும் அதைப் பரணில் காத்தவளும் அவளே என்பதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

இன்னும் ஒருபடி மேலே போவோம். தாய்மார்கள் எறியாமலிருந்தால் நான் பணக்காரனாயிருப்பேன் என்பவர், எல்லாத் தாய்மார்களும் எறியாமலிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. அருமைதான் விலை. எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருளுக்கு ஏலமேது? இதற்கு ஊகம் வேண்டியதில்லை, பரீட்சையே நடந்து முடிந்திருக்கிறது. பழைய அட்டைகளின் விலை ஏறுவதைக் கண்ட ஜனங்கள் 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் முற்பகுதியிலும் வாங்கிய ஒவ்வோர் அட்டையையும் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பொக்கிஷம்போல் பூட்டி வைத்தார்கள். கம்பெனிகளும் கணக்கின்றி அச்சிட்டுத் தள்ளின. ஒரு தாயும் எறியவில்லை. பலன்? அந்தக் காலத்து அட்டைகளுக்குச் சேகரிப்பாளர்களே இட்ட பெயர் ‘குப்பைக் காலம்’. பழைய அட்டைக்கு விலையை உண்டாக்கியவளைப் பார்த்து ‘என் விலையைப் பறித்தாயே’ என்று அழுவது நன்றிகெட்ட தர்க்கம்.

3. ஸ்வபாவம் என்ற சொல் வந்துவிட்டால் விவாதம் நின்றுவிட வேண்டுமா? எண்ணும் வரிசையும் ஆணின் மூளைக்கே பிடிபடுபவை என்கிறவர், குடும்பம் நடத்தும் பெண் எத்தனை கணக்கைத் தலையில் சுமக்கிறாள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். அது வேண்டாம், பேஸ்பாலிலிருந்தே உதாரணம் காட்டுகிறேன். சரித்திராசிரியை டோரிஸ் கேர்ன்ஸ் குட்வின், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியிடம் பக்தி பூண்ட சிறுமியாகத் தாம் வளர்ந்த கதையை 1997-இல் எழுதினார். ஆட்டத்தின் ஒவ்வோர் அசைவையும் குறியீடுகளால் பதியும் விதத்தைத் தந்தை கற்றுக்கொடுக்க, பகலில் வானொலியில் கேட்ட ஆட்டம் முழுவதையும் குறித்துவைத்து, மாலையில் வேலையிலிருந்து திரும்பிய அவருக்கு அடிக்கு அடி விவரித்த அந்தச் சிறுமிக்கு எண் என்றால் எட்டிக்காயா? சொல்லிக்கொடுத்தால் வந்தது, அவ்வளவுதான் ஸ்வபாவத்தின் ரகசியம். மகனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு மகளுக்குச் சொல்லிக்கொடாமல் விட்ட ஒன்றை, மகளின் சுபாவத்தில் இல்லையென்று பின்னர் தீர்ப்புச் சொல்வது, தண்ணீர் ஊற்றாத செடியைப் பார்த்து இதற்குத் தாகமே கிடையாது என்பதற்கு ஒப்பாகும்.

நுண்மையான மதிப்பீட்டுத் திறன் ஆண்களுடையது என்ற கர்வமும் இந்த வாதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதற்கும் ஓர் அட்டையே விடை சொல்லும். பேஸ்பால் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் புகையிலை அட்டை, 1909-க்கும் 1911-க்கும் இடைப்பட்ட காலத்தது, சேகரிப்பாளர்களின் சிந்தாமணி. அதன் பிரதிகளில் மிகப் பிரசித்தமான ஒன்றை 1991-இல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் கூட்டாளி ஒருவரும் 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அட்டைகளுக்குத் தரச்சான்று வழங்கப் புதிதாகத் தோன்றிய பி.எஸ்.ஏ. நிறுவனம் தன் முதலாவது சான்றை அதற்குத்தான் அளித்தது. பத்துக்கு எட்டு மதிப்பெண். அழகான கூர் மூலைகள்! இருபதாண்டுக்குப் பின், அதை ஒருகாலத்தில் வைத்திருந்த ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைக் கத்தரித்தது தாமே என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். கத்தரித்தவர் ஆண், ஏலங்கேட்டு ஏமாந்தவர்களும் ஆண்கள். இதனால் ஆண்களுக்கு மதிப்பீடு செய்யத் தெரியாது என்று நான் சாதிக்க மாட்டேன். அறிவும் அறியாமையும் பால்பார்த்து வருவனவல்ல என்றுமட்டும் சொல்வேன்.

4. கதவு திறந்திருக்கிறது என்றால், உள்ளே போகிறவளைப் பார்த்து ஏன் அந்தக் கேள்வி? சேகரிக்கும் பெண்கள் அலுப்போடு திரும்பத் திரும்பச் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. கடைக்குள் ஒரு பெண் நுழைகிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தியிருக்கும் அட்டைகளை மேலிருந்து கீழ்வரை பார்த்து வருகிறாள். கடைக்காரர் சிரித்த முகத்தோடு எழுந்து, ‘பையனுக்கா? எத்தனை வயது?’ என்கிறார். அவர் தீயவரல்லர், வியாபாரத்துக்கு வேண்டிய உபசாரமாகவே கேட்கிறார். ஆனால் அந்த ஒரு கேள்வியிலே அவள் யாருக்கோ வாங்க வந்த தூதியாகிவிட்டாள். பையனுக்கல்ல, எனக்குத்தான் என்று சொன்னாலோ, அடுத்த மரியாதை பரீட்சை: இந்த ஆட்டக்காரர் எந்த ஆண்டு எந்த அணியில் இருந்தார், சொல்லுங்கள் பார்ப்போம்! பக்கத்தில் நிற்கும் ஆணிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை; அவன் ஒன்றுமறியாதவனாயிருந்தாலும் அவன் அறியாமை அவனுடைய சொந்த விஷயம், அவளுடையதோ அவள் இனத்துக்கே சான்று. நுழைவுக்கட்டணத்தை ஒருசாராரிடம் மட்டும் வாங்கும் வாசலைத் திறந்த வாசல் என்பதெப்படி?

கடைவாசல் ஒருபுறமிருக்க, அச்சகத்தின் வாசலையும் பார்ப்போம். பாஸ்டன் நகரத்துக் கௌடி கம்பெனி 1933-34-இல் பல விளையாட்டுகளின் பேர்பெற்றோரைத் திரட்டி 48 அட்டைகள் வெளியிட்டது. 1932 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்ற பேப் டிட்ரிக்ஸனும், நீச்சலில் மூன்று தங்கம் வென்ற ஹெலன் மாடிசனும் அதில் இருக்கிறார்கள்; வரிசைக்குப் பெயரோ ‘விளையாட்டு மன்னர்கள்’! இடம் கொடுத்தபோதே தலைப்பால் மறைத்தார்கள். பத்தாண்டு கழித்து நடந்தது இன்னும் விசித்திரம். 1943-இல் பெண்களுக்கென்றே ஒரு தொழில்முறை பேஸ்பால் லீக் தோன்றி 1954 வரை நடந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் ஆடினார்கள். அதைத் தோற்றுவித்தவர் யார் தெரியுமா? ஃபிலிப் ரிக்லி, சூயிங்கம் விற்றுக் கோடீசுவரரான குடும்பத்தின் வாரிசு. ஆட்டம் இருந்தது, ஆட்டக்காரிகள் இருந்தார்கள், பார்க்கக் கூட்டம் இருந்தது, பபிள்கம் பொட்டலத்தில் பேஸ்பால் அட்டை வைத்து விற்கும் போட்டி போமனுக்கும் டாப்ஸுக்கும் இடையே மும்முரமாக நடந்த காலமும் அதுவே. அப்படியிருந்தும் அப்பெண்களின் முகம் அந்த இரு கம்பெனிகளின் பொட்டலங்களில் வரவில்லை. அவர்கள் கதையைச் சொன்ன சினிமாப்படம் 1992-இல் வெற்றி பெற்றபின், விஸ்கான்சின் மாநிலத்து வியாபாரி லாரி ஃப்ரிட்ச் 1995-இல் அவர்களுக்கு ஒரு வரிசை வெளியிட்டார். லீக் மறைந்து நாற்பத்தோராண்டு ஆகியிருந்தது. மைதானத்தில் அவர்களைப் பார்த்துக் கைதட்டிய சிறுமி, அதற்குள் பேரன் பேத்தி எடுத்திருப்பாள். அவள் சேகரிக்கவில்லை என்று குறைசொல்கிறவர்களே, எதைச் சேகரித்திருக்க வேண்டும் அவள்?

5. விலையைக் காட்டி வாயடைப்பது எளிது. ஆனால் விலை எதற்குச் சாட்சி? வீராங்கனைகளின் அட்டை விற்காது என்ற வாக்கியத்தை அச்சிடுவோர் வேதவாக்காகக் கொண்டிருந்தார்கள். 1997-இல் அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீக் ஆடத் தொடங்கியபோது பெரிய கம்பெனிகள் அட்டை போட்டன. சில ஆண்டுகளில் விலகின. 2005 முதல் 2018 வரை அந்த அட்டைகளை அச்சிட்டது, தொலைக்காட்சி, சினிமாத் தொடர்களின் அட்டைகளுக்கே பேர்போன ரிட்டன்ஹவுஸ் என்ற சிறு நிறுவனம். காண்டஸ் பார்க்கர், மாயா மூர், பிரியானா ஸ்டூவர்ட் போன்றோர் உதித்த காலம் அதுதான். ஆண்களின் அட்டை ஊர்க்கடைகளில் குவிந்து கிடக்க, இவர்களுடைய அட்டை இருப்பதாகவே பலருக்குத் தெரியாது. கடையில் வைக்காத பண்டத்தை யாரும் கேட்கவில்லை என்று கணக்கெழுதி, கேட்பாரில்லை என்பதால் கடையில் வைக்கவில்லை என்று காரணமும் எழுதினால், இந்தக் கணக்குப் புஸ்தகம் தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு.

2019-இல் பனினி கம்பெனி அந்த அட்டைகளை எடுத்து, ஆண்களின் அட்டைக்குரிய அதே பெயர்களில், அதே பளபளப்போடு வெளியிடத் தொடங்கியது. கெய்ட்லின் கிளார்க்கின் அறிமுக ஆண்டு அட்டை ஒன்று 2025-இல் 6,60,000 டாலருக்கு விலைபோயிற்று. ‘அது ஒருத்தியின் மோகம், நாளைக்கே வடிந்துவிடும்’ என்பார்கள். வடியலாம், நான் ஜோசியம் சொல்ல வரவில்லை. ஆயினும் ஒன்று கேட்பேன்: காசுக்குப் பத்தென்று கூவியும் வாங்க ஆளில்லாமல் கடலுக்குப் போன சரக்கில் மான்டிலின் அட்டையும் இருந்ததே, அன்றைக்குச் சந்தை அளித்த தீர்ப்பை நிரந்தரமென்று கொண்டிருந்தால் இன்றைக்கு உங்கள் ஏலக்கூடம் என்னாவது? ஒரு நாளின் விலை அந்த நாளின் அறிவை மட்டுமே காட்டும். அதை ஆணின் அட்டைக்கு ‘இன்னும் அருமை தெரியவில்லை’ என்றும், பெண்ணின் அட்டைக்கு ‘இயற்கையே இவ்வளவுதான்’ என்றும் இரண்டு விதமாகப் படிப்பதுதான் குற்றம்.

6. என்ன குடி முழுகிப் போயிற்று என்றால், சில குடிகள் உண்மையாகவே முழுகுகின்றன. கணவன் நாற்பதாண்டு சேகரித்து ஓர் அறை நிறைய அடுக்கிவிட்டு இறந்துபோகிறான். எது பத்து டாலர், எது பத்தாயிரம் டாலர் என்று மனைவிக்குத் தெரியாது. ‘இதெல்லாம் உனக்குப் புரியாது’ என்று அவனும் சொல்லிக்கொடுக்கவில்லை, மற்றவர்களும் சொல்லிக்கொடுக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவன்போல் ஒருவன் வருகிறான். இந்தக் காகிதத்தையெல்லாம் நான் அப்புறப்படுத்தித் தருகிறேன் என்று ஒரு சொற்பத் தொகையை நீட்டுகிறான். அறிவை ஒருபாலார்க்குள் பூட்டி வைத்தால், ஆஸ்தி மறுபாலார் கைக்கு வரும் நாளில் அது கொள்ளைக்குத் திறந்த வீடாகும். இத்தகைய நஷ்டத்தைப் பொழுதுபோக்கு என்ற சொல்லால் மூடிவிட இயலாது.

பெண்கள் உடைமையாளராக இல்லாமலில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கிரெட்ஸ்கி வாங்கிய அதே வாக்னர் அட்டை, பிற்பாடு ஒரு கடைத்தொகுதி நடத்திய குலுக்கலில் 1996-இல் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஒரு தபால் ஊழியப் பெண்ணுக்குப் பரிசாக விழுந்தது. பரிசுக்குரிய வரியைக் கட்ட வழியின்றி அவர் அதை உடனே ஏலத்துக்கு அனுப்பினார். 6,41,500 டாலருக்குப் போயிற்று. வேறொரு வாக்னர் அட்டை, 1936 முதல் அதை வைத்திருந்த ஒருவரின் உயில்வழியாக, அவருடைய சகோதரி துறவியாக வாழ்ந்த பால்டிமோர் நகரத்துக் கன்னியர் சபைக்கு வந்துசேர்ந்தது. 2010-இல் அச்சபை அதை விற்றுத் தர்மகாரியங்களுக்குப் பணம் திரட்டியது. மகா பிரசித்தமான இந்த அட்டையின் வரலாற்றில் பெண்கள் இருமுறை வருகிறார்கள். இருமுறையும் அதிர்ஷ்டமாகவோ மரணசாஸனமாகவோ கிடைத்து, கைமாற்றிவிட்டுப் போகிறவர்களாகவே வருகிறார்கள். அவர்கள்மேல் குறையில்லை. ஆனால் பெண்ணின் கையை வழிப்பாதையாக மட்டுமே வைத்திருந்துவிட்டு, அவளுக்குப் பிடிமானமே இல்லை என்று சொல்லாதிருக்கலாம்.

இன்னொரு நஷ்டம் சரித்திரத்துக்கு. பர்டிக் ஒட்டிவைத்த ஆல்பங்களை இன்று அறிஞர்கள் புரட்டுவது விலை பார்ப்பதற்கன்று. ஒரு நாட்டின் சாமானிய ஜனங்கள் யாரை நேசித்தார்கள், யாருடைய முகத்தைப் பையில் வைத்துத் திரிந்தார்கள் என்று காண்பதற்கு. மலிவான அட்டை அவ்வகையில் கல்வெட்டைவிட நம்பகமான சாஸனம். அந்தச் சாஸனத்தில் அறுநூறு ஆட்டக்காரிகள் அவர்கள் ஆடிய காலத்தில் அப்படி எழுதப்படாமல் போனார்கள். பின்னால் வெளியிட்ட அட்டை நினைவுச்சின்னமாகுமே அன்றிச் சமகாலச் சாட்சியாகாது.

பரிகாரம் என்ற பெயரில் வேறோர் அபத்தம் செய்யாதிருக்கவேண்டும். ரோஜா நிறத்தில் ஓர் அட்டை வரிசை அச்சிட்டு, மாநாட்டின் மூலையில் ‘மகளிர் மேஜை’ என்று ஒன்று போட்டு, கடமை தீர்ந்ததென்று கைகழுவுவது, பந்தியில் உட்கார வந்தவளுக்குத் திண்ணையில் தனியே இலை போடுவதற்குச் சமம். அவள் கேட்பது அதுவன்று. ‘பையனுக்கா?’ என்று கேளாமல், பக்கத்தில் நிற்பவனுக்குக் காட்டும் அட்டையை அவளுக்கும் காட்டினால் போதும்.

கடைசியாகச் சேகரிப்பாளர்களின் சொந்தச் சரித்திரத்திலிருந்தே ஒரு செய்தியை நினைவூட்டி முடிக்கிறேன். கௌடி கம்பெனி 1933-இல் 240 அட்டைகள் கொண்ட பேஸ்பால் வரிசையை வெளியிட்டபோது, 106-ஆம் எண்ணை மட்டும் அச்சிடாமலே விட்டது. அதைத் தேடிப் பிள்ளைகள் ஓயாமல் வாங்குவார்கள் என்பது வியாபாரத் தந்திரம். பிள்ளைகள் தேடினார்கள், கிடைக்கவில்லை, 105-க்குப் பிறகு 107 வருவதைக் கண்டு ஏமாந்து, எங்கள் 106 எங்கே என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். முறையீடு பொறுக்கமாட்டாமல் கம்பெனி அடுத்த ஆண்டு நாப் லஜோயியின் படத்தோடு அந்த எண்ணை அச்சிட்டு, எழுதிக் கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பியது. அந்த அட்டை இன்று மிக அரிய பொருள்களில் ஒன்று. கிடைக்காத அட்டைக்கு அந்தப் பிள்ளைகள் ‘106 என்ற எண்ணுக்கு வரிசையில் நிற்க இயற்கையிலேயே விருப்பமில்லை போலும்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை. விட்டுப்போன இடம் ஒன்று இருக்கிறது, அதை விட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று ஊகித்து, அவருக்கே எழுதிக் கேட்டார்கள். சேகரிப்பாளனின் புத்தி என்பது அதுதான். அந்தப் புத்தியை அட்டையோடு நிறுத்திக்கொள்ளாமல், மாநாட்டு மேஜைகளைச் சுற்றிவரும்போதும் கொஞ்சம் பிரயோகிக்கும்படிதான் கேட்கிறேன்.